எண்பது டாலர் குதிரையும் ஒலிம்பிக் போகாத வீரரும்: அமெரிக்கத் தடைதாண்டல் யாரைக் கௌரவிக்கிறது?

ராட்னி ஜென்கின்ஸ் 2024 டிசம்பரில், 80 வயதில் காலமானார். அமெரிக்காவில் குதிரைத் தடைதாண்டல் தெரிந்த யாரைக் கேட்டாலும் முதல் சில பெயர்களுக்குள் இவர் பெயரைச் சொல்வார்கள். கிராண்ட் ப்ரீ எனப்படும் உச்சநிலைத் தடைதாண்டல் போட்டிகளில் 70க்கும் மேற்பட்டவற்றை வென்றவர். ஆனால் ஒலிம்பிக் மைதானத்தில் ஒரு தடையைக்கூட அவர் தாண்டியதில்லை. குதிரை ஓட்டிக் கூலி வாங்கினார் என்பதுதான் காரணம். அந்தக் காலத்து விதிப்படி காசு வாங்குகிறவர் தொழில்முறைக்காரர். தொழில்முறைக்காரருக்கு ஒலிம்பிக்கில் இடமில்லை. விதி தளர்ந்த பிறகு 1987இல் பான் அமெரிக்கப் போட்டிக்குப் போய் இரண்டு வெள்ளி வாங்கி வந்தார். அதற்குள் சவாரி வாழ்க்கையின் பெரும்பகுதி முடிந்துவிட்டது.

இப்படிப்பட்ட ஒருவர் ஷோ ஜம்பிங் ஹால் ஆஃப் ஃபேம் என்ற புகழ் மன்றத்தில் இருக்கிறார், ஹண்டர் பிரிவுக்கென்று தனியாக உள்ள ஹால் ஆஃப் ஃபேமிலும் இருக்கிறார். அப்படியானால் இந்த மன்றங்கள் எதை வைத்து ஆளை எடைபோடுகின்றன? பதக்கத்தை வைத்து இல்லை என்பது தெரிகிறது. வேறு எதை வைத்து என்று பார்க்கப் போனால், அந்த விளையாட்டின் வரலாறே வெளியே வருகிறது.

முதலில் இரண்டு விளையாட்டுகளையும் பிரித்துக்கொள்வோம். மைதானத்தில் தடைகள், அவற்றைத் தாண்டும் குதிரை, மேலே ஒரு ஆள். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஷோ ஜம்பிங்கில் கணக்கு வெளிப்படையானது. தடையின் மேல் கிடத்தியிருக்கும் கழி விழுந்தால் 4 தண்டப் புள்ளி. குதிரை தாண்ட மறுத்து நின்றால் 4. நேரம் கடந்தால் அதற்கும் தண்டம். பிழையில்லாமல் பலர் முடித்தால் உயரத்தைக் கூட்டி மறுபடி ஓடவிட்டு, அதிலும் பிழையில்லாமல் யார் வேகமோ அவருக்கு வெற்றி. குதிரை எவ்வளவு அலங்கோலமாகத் தாவினாலும் கழி விழவில்லை என்றால் கவலையில்லை. இதுதான் ஒலிம்பிக்கில் நாம் பார்ப்பது.

ஹண்டர் அப்படியில்லை. அது நரி வேட்டையிலிருந்து பிறந்தது. நாள் முழுக்க வேலியும் ஓடையும் தாண்டி வேட்டை நாய்களுக்குப் பின்னால் போக வேண்டுமென்றால் எப்படிப்பட்ட குதிரை வேண்டும்? பதறாதது, ஒரே சீரான வேகத்தில் ஓடுவது, மேலே இருப்பவரை உலுக்காமல் தாண்டுவது. அந்தக் குணங்களைத்தான் நடுவர் பார்க்கிறார், 100க்கு மதிப்பெண் போடுகிறார். தடைகளும் பளிச்சென்ற வர்ணக் கழிகளாக இல்லாமல் மரக்கட்டை, புதர், தோட்டத்துக் கதவு என்று காட்டுப்புறச் சாயலில் இருக்கும். கச்சேரியில் சுருதி விலகாமல் பாடுவதை ரசிப்பது போன்ற ரசனை அது. நன்றாக ஓடும் குதிரையைப் பார்க்கிறவருக்கு அது வேலையே செய்யாததுபோலத் தோன்றும். சரி, இதில் சிக்கல் என்னவென்றால் இந்த வடிவத்தில் ஹண்டர் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே உரியது. ஒலிம்பிக்கில் கிடையாது. உலகம் தருகிற பட்டம் இல்லாததால், நாட்டுக்குள் சக குதிரைக்காரர்கள் தரும் மரியாதைதான் அங்கே உச்சம்.

ஷோ ஜம்பிங் ஹால் ஆஃப் ஃபேம் 1987இல் தொடங்கியது. முதலில் உள்ளே வந்தவர்கள் ஒரு பயிற்சியாளர், ஒரு வீரர், ஒரு குதிரை: பெர்ட்டலன் டி நெமெத்தி, வில்லியம் ஸ்டைன்கிராஸ், ஐடில் டைஸ். தற்செயலோ திட்டமோ, அந்த முதல் வரிசையே இந்த விளையாட்டு எதன்மேல் நிற்கிறது என்பதைச் சொல்லிவிட்டது. ஐடில் டைஸின் மேல் உட்கார்ந்து வென்றவர் ஜென்கின்ஸ்தான். குதிரை 1987இலேயே உள்ளே போய்விட, வீரர் 1999 வரை காத்திருந்தார். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கலாம். குதிரைக்காரர்களுக்கு அது சரியான வரிசைதான்.

நெமெத்தி ஹங்கேரியக் குதிரைப்படை அதிகாரி. போருக்குப் பின் நாடிழந்து 1952இல் அமெரிக்கா வந்தார். 1955 முதல் 1980 வரை அமெரிக்க அணியின் பயிற்சியாளர். அவர் வந்த நேரம் முக்கியமானது. 1948 வரை ஒலிம்பிக் தடைதாண்டல் ராணுவ அதிகாரிகளின் விளையாட்டு. அமெரிக்காவிலும் குதிரைப்படைதான் அணியை அனுப்பிவந்தது. போர் முடிந்ததும் குதிரைப்படை கலைக்கப்பட்டது. டாங்கியும் ஜீப்பும் வந்தபின் யாருக்குக் குதிரை வேண்டும்? ராணுவம் விட்ட இடத்தில் 1950இல் பொதுமக்கள் சேர்ந்து ஒரு அணி அமைப்பை உருவாக்கினார்கள். குதிரை யாருடையது, தீனிக்குப் பணம் யார் தருவது, கப்பலில் ஐரோப்பாவுக்கு யார் அனுப்புவது என்று எல்லாமே புதிதாகத் தொடங்க வேண்டியிருந்தது.

அந்த நிலையில் நெமெத்தி கொண்டுவந்தது ஒரு முறைமை. தாண்டுவதற்கு முன் தரையில் குதிரையை ஒழுங்காக நடக்கவை, தாழ்வான கழிகளை அளந்து அடுக்கி அதன் உடலைப் பழக்கு, அவசரப்படாதே. நியூ ஜெர்சியின் கிளாட்ஸ்டோனில் அவரிடம் பழகியவர்களின் சவாரியைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம் என்பார்கள். 1984 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் அமெரிக்கா தடைதாண்டலில் முதன்முறையாக அணித் தங்கம் வென்றபோது அவர் பயிற்சியாளர் இல்லை. ஆனால் தடைப்பாதைகளை வடிவமைத்தவர் அவர்.

அவருடைய அணியின் தலைவராக நெடுங்காலம் இருந்தவர் ஸ்டைன்கிராஸ். யேல் பல்கலைக்கழகத்தில் படித்தவர், வயலின் வாசிப்பவர், பதிப்பாசிரியர். இரண்டாம் உலகப் போரில் 124ஆம் குதிரைப்படைப் பிரிவில் இருந்தார். ஆனால் அந்தப் பிரிவு குதிரை இல்லாமல்தான் ஆசியாவுக்கு வந்தது. பர்மாக் காடுகளில் கால்நடையாகப் போரிட்டு, பர்மா சாலையைத் திரும்பத் திறக்கும் வேலையில் பங்கெடுத்தது. இந்தப் பக்கத்துக்கு நெருக்கமான போர் என்பதால் நமக்கு அந்த இடம் கண்ணில் படுகிறது. 1968 மெக்சிகோவில் ஸ்நோபவுண்ட் என்ற குதிரையின் மேல் அவர் வென்ற தங்கம்தான் குதிரையேற்றத்தில் அமெரிக்காவின் முதல் ஒலிம்பிக் தனிநபர் தங்கம்.

இந்த இருவருக்கும் பின்னால் இன்னொரு கொடிவழி ஓடுகிறது. இத்தாலியின் ஃபெடரிகோ கப்ரில்லி 1900ஐ ஒட்டி ஒரு காரியம் செய்தார். அதுவரை தடை தாண்டும்போது ஆள் பின்னால் சாய்ந்து கடிவாளத்தை இழுப்பார். குதிரையின் முதுகும் வாயும் படாதபாடு படும். கப்ரில்லி ஆளை முன்னால் சாயவைத்து, குதிரையைத் தன் போக்கில் தாண்டவிட்டார். இன்று உலகம் முழுக்க எல்லாரும் இப்படித்தான் தாண்டுகிறார்கள். அதை அமெரிக்கக் குதிரைப்படைக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஹாரி சேம்பர்லின். பிரான்சின் சோமூரிலும் இத்தாலியின் தோர் தி குவின்தோவிலும் இருந்த குதிரைப்படைப் பள்ளிகளில் பயின்று வந்தவர். 1932 ஒலிம்பிக்கில் ஜப்பானின் பாரன் நிஷிக்கு அடுத்து வெள்ளி வாங்கினார். அவருடைய வழியைப் பொதுமக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் கார்டன் ரைட். ரைட்டிடம் ஸ்டைன்கிராஸும் படித்தார், ஜார்ஜ் மோரிஸும் படித்தார். மோரிஸிடம் படித்தவர்கள் 1984 தங்க அணியில் இருந்தார்கள். சேம்பர்லினும் ரைட்டும் ஹால் ஆஃப் ஃபேமில் இருப்பது இதற்காகத்தான். ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போன வித்தை அது. பதக்கப் பட்டியலைப் பார்த்தால் இந்தக் கொடி தெரியாது. கௌரவப் பட்டியலைப் பார்த்தால் தெரியும்.

பணம் போட்டவர்களும் பட்டியலில் உண்டு. பாஸ்டன் சீமாட்டி எலியனோரா சியர்ஸ் தன் குதிரைகளை அணிக்குக் கொடுத்தார். பட்வைசர் பீர் குடும்பத்து ஆகஸ்ட் புஷ் இருக்கிறார். இந்த ஹால் ஆஃப் ஃபேம் முன்பு ஃப்ளோரிடாவின் டாம்பாவில், அவர்கள் நடத்திய புஷ் கார்டன்ஸ் கேளிக்கைப் பூங்காவுக்குள்தான் இருந்தது என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளலாம். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ராணுவம் போன பிறகு பணக்காரர்கள் இல்லாமல் இந்த விளையாட்டு இல்லை. அதை மறைக்காமல் சுவரில் எழுதிவைப்பது ஒருவகையில் நேர்மைதான். பிரிட்டனின் பமீலா கரத்தர்ஸ் தடைப்பாதை வடிவமைப்பாளராக இடம்பெற்றார். எந்தத் தடைக்கு அடுத்து எத்தனை அடி தூரத்தில் எதை வைப்பது என்று முடிவுசெய்கிறவர்தான் உண்மையில் போட்டியை எழுதுகிறார். பார்வையாளர்கள் அவர் பெயரைக் கேட்டிருக்கவே மாட்டார்கள்.

பெண்களின் கதையும் இந்தப் பட்டியலில்தான் துலக்கமாகத் தெரிகிறது. ஒலிம்பிக் தடைதாண்டலில் பெண்கள் 1956இல்தான் அனுமதிக்கப்பட்டார்கள். ஆணும் பெண்ணும் ஒரே போட்டியில் மோதும் அபூர்வ விளையாட்டு இது என்று இப்போது பெருமையாகச் சொல்கிறோம். அப்படி ஆவதற்குச் சிலர் முட்டிமோத வேண்டியிருந்தது. அமெரிக்காவின் முதல் கிராண்ட் ப்ரீ 1965இல் கிளீவ்லாண்டில் நடந்தது. வென்றவர் மேரி மேர்ஸ் சாப்போ, குதிரையின் பெயர் டாம்பாய். கேத்தி குஸ்னர் இன்னும் ஒரு படி போனார். பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கி உரிமம் கேட்டு மேரிலாண்டில் விண்ணப்பித்தார். மறுத்தார்கள். சிவில் உரிமைச் சட்டத்தைக் காட்டி வழக்குப் போட்டு, 1968இல் உரிமத்தை வாங்கினார். அப்புறம் 1972 மியூனிக்கில் அணி வெள்ளியும் வென்றார்.

இனி குதிரைகள். எனக்கு இந்தப் பட்டியலில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு விளையாட்டில் மனிதரல்லாத ஒருவர் தன் சொந்தப் பெயரில், சொந்த உரிமையில் கௌரவம் பெறுவது வேறெங்கும் அவ்வளவாக இல்லை.

ஸ்நோமேன் கதையை அமெரிக்காவில் குழந்தைகளுக்குச் சொல்கிறார்கள். 1956 குளிர்காலத்தில் ஹாரி டி லேயர் என்ற டச்சுக் குடியேறி பென்சில்வேனியாவின் நியூ ஹாலண்ட் குதிரைச் சந்தைக்குப் போனார். நியூ யார்க்கின் லாங் ஐலண்டில் ஒரு பள்ளியில் சவாரி கற்றுக்கொடுப்பவர். போகத் தாமதமாகிவிட்டது, சந்தை முடிந்துவிட்டது. விலைபோகாத குதிரைகளை ஏற்றிக்கொண்டு கசாப்புக்குப் போக ஒரு லாரி மட்டும் நின்றது. அதில் இருந்த, ஏர் உழுது தேய்ந்த வெள்ளைக் குதிரை ஒன்றை 80 டாலருக்கு இறக்கினார். மாணவர்களுக்குச் சாதுவான குதிரையாக வைத்துக்கொண்டு, பிறகு லாபத்துக்குப் பக்கத்து மருத்துவர் ஒருவருக்கு விற்றுவிட்டார். குதிரை அங்கே நிற்கவில்லை. வேலிகளைத் தாண்டித் தாண்டித் திரும்பி வந்துகொண்டே இருந்தது. அப்போதுதான் டி லேயருக்கு உறைத்தது, இதற்குத் தாண்டத் தெரியும் என்று. 1958இல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் நடந்த நேஷனல் ஹார்ஸ் ஷோவில் ஸ்நோமேன் சாம்பியன். 1959இல் மறுபடியும். பெரும் விலைபோகும் உயர்சாதிக் குதிரைகள் நின்ற வரிசையில் உழவுக் குதிரை ஜெயித்தது. 1974இல் இறந்தது, 1992இல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்ந்தது. ஸ்நோமேன் ஒலிம்பிக் போனதில்லை, நாட்டின் அணியில் இருந்ததில்லை. ஆனால் அதைப் பார்த்துவிட்டுக் குதிரைச் சவாரி கற்கப் போனவர்கள் எத்தனை பேர் என்று யாரால் எண்ண முடியும்?

டச் ஆஃப் கிளாஸ் இதற்கு நேர்மாறு. பந்தயத்தில் தோற்ற, உருவத்தில் சிறிய பெட்டைக் குதிரை. 1984 லாஸ் ஏஞ்சலிஸில் ஜோ ஃபார்கிஸ் அதன்மேல் தனிநபர் தங்கமும் அணித் தங்கமும் வென்றார். அந்த ஒலிம்பிக்கில் அது சந்தித்த 91 தடைகளில் 90ஐச் சுத்தமாகத் தாண்டியது. அந்த ஆண்டு அமெரிக்க ஒலிம்பிக் குழு, குதிரையேற்றத்தில் ஆண்டின் சிறந்த பெண் விளையாட்டாளர் விருதை டச் ஆஃப் கிளாஸுக்கே கொடுத்துவிட்டது. மனிதரல்லாத ஒருவருக்கு அந்த விருது போனது அதுவே முதல்முறை.

ஜெம் ட்விஸ்ட் என்ற சாம்பல் குதிரையை வளர்த்தெடுத்தவர் ஆறு ஒலிம்பிக் கண்ட ஃபிராங்க் சாப்போ. முன்பு சொன்ன மேரியின் கணவர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் கிரெக் பெஸ்ட் அதன்மேல் இரண்டு வெள்ளி வென்றார். 1990 ஸ்டாக்ஹோம் உலகப் போட்டியில் சிறந்த குதிரை என்ற பட்டம் கிடைத்தது. ஆனால் அது காயடிக்கப்பட்ட குதிரை, வம்சம் கிடையாது. 2006இல் அது இறந்தது. 2008இல் அதன் உயிரணுவிலிருந்து ஜெமினி என்ற குளோன் குட்டியைப் பிறக்கவைத்தார்கள். குளோனைக் காயடிக்காமல் விட்டு, அதன்மூலம் ஜெம் ட்விஸ்ட்டின் ரத்தத்தைத் தொடரவைத்தார்கள். இது மரியாதையா, மறதியை ஏற்க மறுக்கும் பிடிவாதமா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2012இல் குளோன்களும் போட்டியிடலாம் என்று அனுமதித்துவிட்டது.

மைக்கேல் மாட்ஸை ஒரு பத்தியாவது சொல்லாமல் நகர முடியாது. ஜெட் ரன் குதிரையின் மேல் 1981 உலகக் கோப்பை வென்றவர். 1989 ஜூலையில் அயோவாவின் சூ சிட்டியில் யுனைடெட் 232 விமானம் விழுந்து நொறுங்கி 112 பேர் இறந்தார்கள். உள்ளே இருந்த மாட்ஸ், தனியாகப் பயணம் செய்த மூன்று சகோதரக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின் நிறைவு விழாவில் அமெரிக்கக் கொடியை ஏந்தும் கௌரவம் அவருக்குக் கிடைத்தது. சவாரியை விட்டபின் பந்தயக் குதிரைப் பயிற்சியாளராகி, 2006இல் பார்பரோ என்ற குதிரையைக் கென்டக்கி டெர்பி பந்தயத்தில் வெல்லவைத்தார்.

ஹண்டர் பக்கம் வந்தால் விஷயம் கடினமாகிறது. ஜம்பிங்கில் ஒருவரைக் கௌரவிக்க வாதாட வேண்டியிருந்தால் கிராண்ட் ப்ரீ எண்ணிக்கையையாவது எடுத்துவைக்கலாம். ஹண்டரில் எல்லா வெற்றியும் ஏதோ ஒரு நடுவரின் கருத்து. அந்த நடுவர், பயிற்சியாளர், குதிரை வியாபாரி எல்லாரும் ஒரே சிறு வட்டத்துக்குள் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். இன்று நடுவராக இருப்பவர் நாளை குதிரை விற்பவர். ஆகவே அங்கே கௌரவம் என்பது வட்டத்துக்குள் ஒருவர் எவ்வளவு நம்பப்பட்டார் என்பதன் கணக்கு. இன்னும் பழக்கப்படாத ஒரு குதிரையை எடுத்து, இரண்டு மூன்று வருடம் பொறுமையாகப் பழக்கி, ஒரு சிறுமி உட்கார்ந்தாலும் அதே அமைதியோடு தாண்டும்படி செய்கிறவரைத்தான் அங்கே பெரியவர் என்கிறார்கள்.

அமைதிக்குப் பரிசு கொடுத்தால், அமைதியை வாங்கவும் ஆட்கள் கிளம்புவார்கள். ஹண்டரில் குதிரையை மந்தமாக்கப் பலவகை மருந்துகளைப் போட்டுப் பார்த்தார்கள். அமெரிக்கக் குதிரையேற்றக் கூட்டமைப்பு 2012இல் காபா எனப்படும் பொருளைத் தடைசெய்தது. கரோலினா கோல்டு என்ற பெயரில் அது புழங்கியது. இதில் குற்றவாளி ஓரிரு பயிற்சியாளர்கள் மட்டுமல்ல என்பது என் கருத்து. சிறு துள்ளலுக்குக்கூட மதிப்பெண் குறைத்த நடுவர் ரசனைக்கும் அதில் பங்குண்டு. 2009இல் தொடங்கிய சர்வதேச ஹண்டர் டெர்பி வரிசை, தடைகளை உயர்த்தி, சட்டென்று திரும்பும் துணிச்சலுக்கும் மதிப்பெண் கொடுத்தது. உயிரோட்டமுள்ள குதிரைக்கு அங்கே இடம் கிடைத்தது.

அடுத்தது, கொடுத்த மரியாதையைத் திரும்ப வாங்குவது. கலிஃபோர்னியாவின் ஜிம்மி வில்லியம்ஸ் பல ஒலிம்பிக் வீரர்களை உருவாக்கியவர். 1993இல் இறந்தார். தேசியக் கூட்டமைப்பின் வாழ்நாள் சாதனைக் கோப்பைக்கே அவர் பெயர் வைத்திருந்தார்கள். 2018இல், சிறுமிகளாக அவரிடம் பயின்றபோது பாலியல் கொடுமைக்கு ஆளானோம் என்று பல பெண்கள் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர்களில் பின்னாளில் ஒலிம்பிக் பதக்கம் வென்றவரும் உண்டு. கோப்பையிலிருந்து பெயர் எடுக்கப்பட்டது. அடுத்த ஆண்டே ஜார்ஜ் மோரிஸ். சிறார்கள் தொடர்பான பாலியல் முறைகேட்டுக்காக, விளையாட்டுப் பாதுகாப்பு மையமான சேஃப்ஸ்போர்ட் 2019இல் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. அவர் மறுத்தார், மேல்முறையீடு செய்தார். தடை உறுதியானது. அவர் பெயரில் இருந்த போட்டிக்கும் பெயர் மாற்றினார்கள்.

மேலே சொன்ன கொடிவழியில் மோரிஸ் ஒரு நடுக்கணு. அவரை வெட்டி எடுத்துவிட்டு அமெரிக்கத் தடைதாண்டலின் வரலாற்றை எழுத முடியாது. அதற்காக அவரைப் போற்றிக்கொண்டே இருக்கவும் முடியாது. வரலாற்றில் ஒருவர் இருப்பது வேறு, அவரைக் கௌரவிப்பது வேறு என்ற வித்தியாசத்தைக் குதிரைக்காரர்கள் அதற்குமுன் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆசிரியரைக் கேள்வி கேட்காமல் பணிவதே நல்ல மாணவர் லட்சணம் என்று சொல்லிச்சொல்லி வளர்த்த உலகம் அது. நம்பிக்கையை அளவுகோலாக வைத்த மன்றங்களுக்கு, நம்பிக்கை எங்கே துஷ்பிரயோகம் ஆனது என்று விசாரிக்கும் வழி எதுவும் கைவசம் இல்லை. விசாரணை வெளியிலிருந்துதான் வந்தது, அதுவும் வில்லியம்ஸ் செத்து 25 வருடம் கழித்து.

இப்போது ஷோ ஜம்பிங் ஹால் ஆஃப் ஃபேம் கென்டக்கியின் லெக்சிங்டனில், கென்டக்கி ஹார்ஸ் பார்க்குக்குள் உள்ள வீலர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹண்டர், ஜம்பர் இரண்டு பிரிவுக்கும் 2004இல் உருவான அமெரிக்கச் சங்கத்தின் தலைமையகமும் அங்கேதான். 1883இல் நியூ யார்க்கில் தொடங்கிய நேஷனல் ஹார்ஸ் ஷோவும் 2011 முதல் அதே பூங்காவுக்கு இடம்பெயர்ந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் போகிறவர்கள் பழைய கோப்பைகளையும் புதிய குதிரைகளையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம்.